வார்டிரைவிங்: வண்டியில் சென்று வைஃபை வரைபடம் தயாரித்த வரலாறும் தேனிப் பள்ளத்தாக்கும்

வார்டிரைவிங் என்பது, ஜி.பி.எஸ். கருவியும் கணினியும் பொருத்திய வாகனத்தில் தெருத்தெருவாகச் சென்று, வழியில் கிடைக்கும் கம்பியில்லா வலையமைப்புகளின் பெயர், இடம், பாதுகாப்பு நிலை ஆகியவற்றைப் பதிவு செய்து வரைபடமாக்கும் செயல் ஆகும். 1999–2000 ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இம்முயற்சி, முதலில் கணினிப் பாதுகாப்பு ஆர்வலர்களின் பொழுதுபோக்காக இருந்தது. பின்னர் இருப்பிடம் காட்டும் சேவைகளுக்கு அடித்தளமானது. இந்தியாவில் காவல்துறையின் பணியாகவும் ஒரு கட்டத்தில் மாறியது.

இதே காலத்தில் தமிழ்நாட்டின் தேனிப் பகுதியில் வைஃபை வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் பார்வை மையங்களோடு இணைக்க, பல கிலோமீட்டர் தூரம் தாண்டும் வைஃபை இணைப்புகள் நிறுவப்பட்டன. கம்பியில்லா வலையமைப்பு எங்கே எட்டும், எங்கே எட்டாது, அதை யார் கேட்கிறார்கள் என்ற கேள்விகள் இரண்டு வரலாறுகளுக்கும் பொதுவானவை. எனவே இக்கட்டுரை இரண்டையும் சேர்த்து விளக்குகிறது.

பெயர்க் காரணம்

1983-இல் வெளிவந்த 'வார்கேம்ஸ்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தில், பள்ளி மாணவன் ஒருவன் தன் கணினியைக் கொண்டு தொலைபேசி எண்களை வரிசையாக அழைத்து, எந்த எண்ணில் வேறொரு கணினி பதில் தருகிறது என்று தேடுவான். இம்முறைக்கு 'வார்டயலிங்' என்று பெயர் ஏற்பட்டது. தொலைபேசி எண்களுக்குப் பதிலாகத் தெருக்களை வரிசையாகத் தேடும் முறைக்கு 'வார்டிரைவிங்' என்ற பெயர் வந்தது. 'வார்' என்ற சொல் இருந்தாலும் இதற்கும் போருக்கும் தொடர்பில்லை. நடந்து சென்று செய்தால் 'வார்வாக்கிங்' என்றும், மிதிவண்டியில் சென்று செய்தால் 'வார்பைக்கிங்' என்றும் சொல்வதுண்டு.

செயல்படும் முறை

வீட்டிலோ கடையிலோ உள்ள வைஃபை கருவி, யாரும் கேட்காதபோதும் தன் இருப்பை அறிவித்துக்கொண்டே இருக்கும். 'பீக்கன்' எனப்படும் இந்தச் சிறு அறிவிப்பு பொதுவாக ஒரு நொடிக்குப் பத்து முறை வெளியாகிறது. தெருவில் கூவி விற்பவர் குரலைப் போல, வாங்க விரும்பாதவர் காதிலும் அது விழும். அந்த அறிவிப்பில் வலையமைப்பின் பெயர், கருவியின் மேக் முகவரி, அலைவரிசை எண், குறியாக்கம் உள்ளதா இல்லையா என்ற விவரம் ஆகியவை இருக்கும். மேக் முகவரி என்பது ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே தரப்படும் 48 பிட் அடையாள எண் ஆகும்.

வாகனத்தில் உள்ள கணினி இந்த அறிவிப்புகளைக் கேட்கிறது. அதே நொடியில் ஜி.பி.எஸ். கருவி அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைத் தருகிறது. இரண்டையும் இணைத்து, 'இந்த நேரத்தில், இந்த இடத்தில், இந்த வலிமையுடன், இந்த வலையமைப்பு கேட்டது' என்று ஒரு வரியாக மென்பொருள் எழுதிக்கொள்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஜி.பி.எஸ். காட்டுவது, கேட்பவர் இருக்கும் இடத்தைத்தான். பேசும் கருவி இருக்கும் இடத்தை அன்று. ஒரே வலையமைப்பைப் பல இடங்களிலிருந்து கேட்டு, எங்கே வலிமை அதிகம் என்று ஒப்பிட்டு, அதிலிருந்து கருவி இருக்கும் இடம் கணிக்கப்படுகிறது. எனவே வரைபடத்தில் காணும் புள்ளி ஒரு மதிப்பீடே ஆகும்.

கேட்கும் முறையிலும் இரண்டு வகை உண்டு. 'யார் இருக்கிறீர்கள்?' என்று தானே கேள்வி அனுப்பிப் பதில் பெறுவது ஒரு வகை. எதையும் அனுப்பாமல் காற்றில் வருவதை மட்டும் கேட்பது மற்றொரு வகை. முதல் வகையில் தேடுபவரின் தடயம் பதியலாம். இரண்டாம் வகையில் தடயம் இராது.

தோற்றமும் வளர்ச்சியும்

கம்பியில்லா உள்ளூர் வலையமைப்புக்கான 802.11 என்ற தரம் 1997-இல் வெளியானது. 1999-இல் வந்த 802.11பி தரம், நொடிக்கு 11 மெகாபிட் வேகத்தைத் தந்தது. 'வைஃபை' என்ற வணிகப் பெயரும் அந்த ஆண்டில்தான் பிறந்தது. விலை குறைந்ததும் அலுவலகங்களும் வீடுகளும் இதை வாங்கத் தொடங்கின. கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து மின்சாரம் கொடுத்தாலே வேலை செய்தது. எனவே கடவுச்சொல் அமைக்கும் வேலையைப் பலர் செய்யவே இல்லை.

வார்டிரைவிங்கிற்குத் தேவையான இன்னொரு மாற்றம் விண்வெளியிலிருந்து வந்தது. அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிப்புகளில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்தது. அதனால் இடம் ஏறத்தாழ 100 மீட்டர் வரை தவறலாம். 2000 மே மாதத் தொடக்கத்தில் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டனின் ஆணைப்படி இந்தப் பிழை நீக்கப்பட்டது. அதன்பின் சாதாரணக் கருவியே எந்தத் தெரு, எந்த வீட்டருகே என்று சொல்லுமளவு துல்லியம் பெற்றது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரைச் சேர்ந்த கணினிப் பாதுகாப்பு ஆலோசகர் பீட்டர் ஷிப்லி, ஜி.பி.எஸ். இணைத்து இத்தேடலைத் தானியங்கி முறையில் செய்த முன்னோடியாகக் கருதப்படுகிறார். 2001-இல் நடந்த டெஃப்கான் மாநாட்டில் தம் கண்டறிதல்களை அவர் வெளியிட்டார். பெரும்பாலான வலையமைப்புகள் பூட்டப்படாத கதவுகளாக இருந்தன என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது.

அதே 2001-ஆம் ஆண்டில் மூன்று நிகழ்வுகள் சேர்ந்து வந்தன. மாரியஸ் மில்னர் எழுதிய நெட்ஸ்டம்ப்ளர் என்ற மென்பொருள், விண்டோஸ் கணினி வைத்திருந்த எவரும் இத்தேடலைச் செய்ய வழி செய்தது. உலகெங்கும் திரட்டப்படும் பதிவுகளை ஒரே வரைபடத்தில் சேர்க்கும் விகில் என்ற தரவுத்தளம் தொடங்கியது. ஃப்ளூரர், மாண்டின், ஷமிர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், அன்றைய வைஃபை பூட்டான டபிள்யூ.ஈ.பி. குறியாக்கத்தில் உள்ள அடிப்படைக் குறையை வெளியிட்டனர். சற்றுப் பின்னர் மைக் கெர்ஷா உருவாக்கிய கிஸ்மெட் என்ற மென்பொருள், எதையும் அனுப்பாமல் கேட்கும் முறையைப் பரவலாக்கியது.

2002-இல் தன்னார்வலர்கள் சேர்ந்து ஓர் உலகளாவிய கணக்கெடுப்பை நடத்தினர். அதில் 9,374 அணுகுபுள்ளிகள் பதிவாயின. அவற்றில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் மட்டுமே குறியாக்கம் இருந்தது. 2004-இல் நடந்த நான்காவது கணக்கெடுப்பில் எண்ணிக்கை 2,28,537 ஆக உயர்ந்தது. குறியாக்கம் உள்ளவை 38 விழுக்காடு. கருவிகள் பெருகிய வேகத்தில் விழிப்புணர்வு பெருகவில்லை என்பதை இந்த எண்கள் காட்டின. 2003-இல் டபிள்யூ.பி.ஏ., 2004-இல் டபிள்யூ.பி.ஏ.2 ஆகிய வலுவான பூட்டுகள் வந்தன. பிற்காலத்தில் கருவிகள் கடவுச்சொல்லுடனேயே விற்கப்பட்டதால் நிலைமை படிப்படியாக மாறியது.

காரில் பொருத்திய கணினி

தொடக்கக் காலக் கருவித் தொகுதி எளிமையானது. ஒரு மடிக்கணினி, அதன் பக்கவாட்டுத் துளையில் செருகும் வைஃபை அட்டை, காரின் கூரையில் காந்தத்தால் ஒட்டும் அலைவாங்கி, கம்பிவழி இணையும் ஜி.பி.எஸ். கருவி ஆகியவை போதும். ஜி.பி.எஸ். கருவி, கடற்பயணக் கருவிகளுக்காக உருவான என்.எம்.இ.ஏ. 0183 என்ற எழுத்து வடிவில், நொடிக்கு ஒரு முறை இருப்பிடத்தைச் சொல்லும்.

2001-க்குப் பின் வியா நிறுவனத்தின் மினி ஐ.டி.எக்ஸ். போன்ற 17 சென்டிமீட்டர் சதுரத் தாய்ப்பலகைகள் வந்தன. இவற்றைக் காரின் பெட்டியறையிலோ இருக்கையின் அடியிலோ பொருத்தி, முன்பலகையில் தொடுதிரை வைக்கும் பழக்கம் உண்டானது. காரின் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து கணினிக்கு நிலையான மின்சாரம் தருவதுதான் இதில் கடினமான பகுதி. இயந்திரத்தை முடுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று தாழ்வதால் கணினி அணைந்துவிடும். இதற்காகவே தனி மின்மாற்றுப் பலகைகள் செய்யப்பட்டன. நிலையற்ற மின்சாரம் என்ற இதே சிக்கல், தேனியில் வேறு உருவில் வந்ததைக் கீழே காணலாம்.

தேனிப் பள்ளத்தாக்கின் நில அமைப்பு

1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது தேனி மாவட்டம். அதன் தென்மேற்கில் நீளும் கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு பக்கம் ஏலமலைத் தொடரும், மறுபக்கம் மேகமலை, வருசநாட்டு மலைகளும் அரண்களாக உள்ளன. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் இப்பள்ளத்தாக்கில் இறங்கி வைகையைச் சேர்கிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் ஒரே நெடுஞ்சாலையில் கோத்த மணிகள்போல் அமைந்துள்ளன. போடி, பெரியகுளம், ஆண்டிபட்டி ஆகியவை தேனியிலிருந்து வெவ்வேறு திசைகளில் உள்ளன.

இந்த நில அமைப்பு வானலைகளுக்கு நன்மையும் தீமையும் செய்கிறது. பள்ளத்தாக்கின் தரை பெரும்பாலும் சமமானது. எனவே சற்று உயரமான இரண்டு இடங்கள் ஒன்றையொன்று நேராகப் பார்க்க முடியும். ஆனால் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மலையை ஊடுருவாது. அடர்ந்த தென்னந்தோப்பும் அதை வலுவிழக்கச் செய்யும். மலைமுகட்டுக்கு அப்பால் உள்ள குடியிருப்புக்கு, இடைவெளி இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும், நேரடி இணைப்பு கிடைக்காது.

உயர்ந்த இடங்களை நேர்க்கோட்டுப் பார்வையால் இணைப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய வில்லியம் லாம்டனின் முக்கோண நில அளவை, குன்றுகள் இல்லாத சமவெளிகளில் கோயில் கோபுரங்களைப் பார்வை நிலையங்களாகப் பயன்படுத்தியது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது அவருடைய பெரிய கோணமானி மோதிச் சேதமடைந்தது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் தேனியில் வைஃபை அமைத்தவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இங்கிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியுமா?

அரவிந்த் கண் மருத்துவமனையின் நெடுந்தொலைவு வைஃபை

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு கிளை உண்டு. கண்புரை போன்ற நோய்களைக் குணப்படுத்த முடியும் என்றாலும், சிற்றூர் மக்கள் பலர் மருத்துவமனைக்கு வருவதில்லை. ஒரு நாள் கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு, பேருந்தில் வர வேண்டியிருப்பதே காரணம். எனவே ஊருக்குள்ளேயே பார்வை மையம் அமைத்து, பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிக்க, தேனியில் உள்ள மருத்துவர் காணொளி மூலம் நோயாளியுடன் பேசும் முறை திட்டமிடப்பட்டது. காணொளிக்கு வேகமான இணைப்பு தேவை. அன்றைய சிற்றூர்த் தொலைபேசிக் கம்பிகள் அதற்குப் போதவில்லை.

இதற்கு முன் 2001 முதல் மேலூர் வட்டாரத்தில், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவின் கோர்டெக்ட் தொழில்நுட்பத்தால் கிராம இணைய நிலையங்கள் நடத்தப்பட்டன. அங்கிருந்து கண்ணின் படங்கள் அரவிந்துக்கு அனுப்பப்பட்டதுண்டு. ஆனால் அதன் வேகம் நேரடிக் காணொளிக்குப் போதுமானதாக இல்லை.

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய 'டயர்' என்ற ஆய்வுக் குழு, மலிவான வைஃபை அட்டைகளையும் திசைநோக்கிய அலைவாங்கிகளையும் கொண்டு இதற்குத் தீர்வு காண முன்வந்தது. வார்டிரைவிங் தொடங்கிய அதே பெர்க்லியிலிருந்து இக்குழுவும் வந்தது தற்செயலே. 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த திறனில் உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதித்ததும் உதவியாக அமைந்தது.

தேனி வலையமைப்பில் ஐந்து பார்வை மையங்கள் மருத்துவமனையோடு இணைக்கப்பட்டன. ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர் போன்ற ஊர்களில் மையங்கள் இயங்கின. 11 கம்பியில்லாத் திசைவிகளும் 9 இணைப்புகளும் பயன்பட்டன. மிகக் குறுகிய இணைப்பு 1 கிலோமீட்டர். மிக நீண்டது ஆண்டிபட்டிக்குச் செல்லும் 15 கிலோமீட்டர். சில கருவிகள் 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்களில் ஏற்றப்பட்டன. மற்றவை கட்டடங்களின் மொட்டை மாடியிலும், ஓர் இடத்தில் நூற்பாலையின் மின்நிலையப் புகைபோக்கியிலும் பொருத்தப்பட்டன. 2006 ஜூன் மாதத்தில் இத்திட்டத்தை 50 மையங்களுக்கு விரிவாக்கி, ஆண்டுக்கு 5 லட்சம் பேருக்குச் சேவை அளிக்கும் நோக்கம் அறிவிக்கப்பட்டது.

தொலைவும் காத்திருப்பும்

வைஃபை ஓர் அறைக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ பேசுவதற்காக வடிவமைக்கப்பட்டது. ஒரு கருவி தகவல் பொட்டலம் ஒன்றை அனுப்பியதும், 'கிடைத்தது' என்ற பதிலுக்காக மிகச் சிறிது நேரம் மட்டுமே காத்திருக்கும். பதில் வராவிட்டால் பொட்டலம் தொலைந்தது என்று முடிவு செய்து மீண்டும் அனுப்பும். வானலை 15 கிலோமீட்டரைக் கடக்க 50 மைக்ரோ நொடி ஆகும். பதில் திரும்பி வர மேலும் 50. அதற்குள் அனுப்பிய கருவி பொறுமை இழந்துவிடும். இரு முனைகளும் ஒன்றன் பேச்சை ஒன்று காலத்தில் கேட்காததால், ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வதும் நிகழும்.

ரபீன் பாத்ரா, செர்ஜியு நெடெவ்ஸ்கி, சோனேஷ் சுரானா, லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் உள்ளிட்டோர் இதற்காக 'வைல்டுநெட்' என்ற முறையை உருவாக்கி 2007-இல் வெளியிட்டனர். இதில் யார் எப்போது பேசுவது என்று நேரம் பங்கிடப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனிப் பதில் இல்லாமல், பலவற்றுக்குச் சேர்த்து ஒரே பதில் அனுப்பப்படுகிறது. கருவியை மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றியே, பழைய முறையைவிட 2 முதல் 5 மடங்கு வேகம் கிடைத்தது. இதே குழுவின் ஒத்துழைப்புடன் 2007-இல் வெனிசுவேலாவில் 382 கிலோமீட்டர் தூர வைஃபை இணைப்பும் சோதித்துக் காட்டப்பட்டது.

கோபுரத்தின் உயரம்

இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று தெரிந்தால் மட்டும் போதாது. அலை செல்லும் கோட்டைச் சுற்றி, நடுவில் பருத்த பனங்கிழங்கு வடிவில், ஒரு வெளி தடையின்றி இருக்க வேண்டும். இதற்கு ஃப்ரெனல் மண்டலம் என்று பெயர். 15 கிலோமீட்டர் இணைப்புக்கு, நடுப்பகுதியில் இதன் ஆரம் ஏறத்தாழ 22 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது 13 மீட்டராவது, தெளிவாக இருக்க வேண்டும். பூமியின் வளைவால் நடுவில் நிலம் மேலும் மூன்று மீட்டர் அளவு உயர்ந்து நிற்கும். வழியில் தென்னை மரங்கள் இருந்தால் அவற்றின் உயரத்தையும் கூட்ட வேண்டும். கோபுரங்கள் 24 மீட்டருக்கு மேல் தேவைப்பட்டதன் காரணத்தை மாணவர்கள் இக்கணக்கிலிருந்தே அறியலாம்.

குறுக்கீடும் மின்சாரமும்

இக்குழுவின் மற்றோர் ஆய்வு, நெடுந்தொலைவு இணைப்புகளில் தகவல் தொலைந்துபோக முதன்மைக் காரணம், அருகில் இயங்கும் பிறருடைய வைஃபை கருவிகளே என்று காட்டியது. நகரங்களில் இழப்பு அதிகமாகவும் கிராமங்களில் குறைவாகவும் இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று கலக்காத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றுதான். எனவே ஊரில் யார் எந்த அலைவரிசையில் பேசுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டறிவது, இணைப்பு அமைப்பவருக்கு இன்றியமையாத வேலை. வார்டிரைவிங் ஆர்வலர் விளையாட்டாகச் செய்வதும், வலையமைப்புப் பொறியாளர் கடமையாகச் செய்வதும் செயலளவில் ஒன்றே.

ஆனால் தேனியில் இணைப்புகளை அடிக்கடி முடக்கியது வானலை அன்று, மின்சாரம். மின்னழுத்தம் திடீரென ஏறுவதும், மிகவும் தாழ்வதும், அடிக்கடி நின்று வருவதும் திசைவிகளைப் பழுதாக்கின. முறையாக அணைக்கப்படாமல் நின்ற கருவிகளின் நினைவக அட்டைகள் பழுதாயின. 2008-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இக்குழு இவற்றையெல்லாம் வெளிப்படையாகப் பட்டியலிட்டது. மின்னழுத்தம் தாழ்ந்தால் கருவியைத் தானே துண்டிக்கும் சுற்று, அட்டையில் எழுதாமல் இயங்கும் மென்பொருள், கருவி தானாகவே தன் நலத்தைத் தெரிவிக்கும் ஏற்பாடு, உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி ஆகியவை தீர்வுகளாக அமைந்தன. முன்னோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்குவதைவிட, தொடங்கியவர்கள் ஊர் திரும்பிய பின்னும் அது இயங்கும்படி செய்வதே கடினம் என்பது அக்கட்டுரையின் மையக் கருத்து. அரவிந்தின் பார்வை மையங்கள் பின்னாளில் நூற்றைக் கடந்தன.

சாலை காட்டாத வரைபடம்

இப்படிப்பட்ட வலையமைப்பை வார்டிரைவிங் முறையில் தேடினால் என்ன கிடைக்கும் என்று சிந்திப்பது பயனுள்ளது. திசைநோக்கிய அலைவாங்கி, கைவிளக்கின் ஒளியைப் போல ஒரே பக்கம் குவிந்து பேசும். கோபுர உயரத்தில் செல்லும் அந்தக் கதிரின் கீழே நெடுஞ்சாலையில் செல்லும் காரில் அது தெளிவாகக் கேட்காமலே போகலாம். மாறாக, சாலையோரக் கடையின் சிறிய வைஃபை வலுவாகக் கேட்கும். இதனால் மாதந்தோறும் பலருக்குக் கண் மருத்துவம் தந்த இணைப்பு வரைபடத்தில் மங்கலாகவும், ஒரு தேநீர்க் கடையின் கருவி பெரிய புள்ளியாகவும் தோன்றும்.

வண்டி செல்லும் இடங்கள் மட்டுமே பதிவாகும் என்பது இம்முறையின் அடிப்படைக் குறை. கம்பம் நெடுஞ்சாலையில் ஒரு முறை போய் வந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் அளந்ததுபோல் தோன்றும். ஆனால் மேகமலைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளும், வருசநாட்டு உள்கிராமங்களும், மலையடிவாரத்தில் வாழும் பளியர் குடியிருப்புகளும் அந்த அளவையில் வராது. கைப்பேசிச் சேவையின் தரத்தை அறிய, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நடத்தும் வாகனச் சோதனைகளுக்கும் இந்த வரம்பு பொருந்தும். வரைபடத்தில் புள்ளி இல்லாத இடத்துக்கு இரண்டு பொருள் உண்டு: அங்கே இணைப்பு இல்லை என்பது ஒன்று, அங்கே யாரும் போய்க் கேட்கவில்லை என்பது மற்றொன்று. திட்டமிடுபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டால், ஏற்கெனவே இணைப்பு உள்ள ஊர்களுக்கே மேலும் இணைப்பு போய்ச் சேரும்.

2008 மின்னஞ்சல்களும் மும்பைக் காவல்துறையும்

இந்தியாவில் வார்டிரைவிங் பொதுமக்கள் பேச்சுக்கு வந்தது துயரமான சூழலில். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நடந்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் தங்கியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைய இணைப்பிலிருந்து சென்றதாகத் தடம் காட்டியது. விசாரணையில், பூட்டப்படாத அவரது வைஃபையை வெளியாள் பயன்படுத்தியது தெரிந்தது. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மின்னஞ்சலும் மும்பை செம்பூரில் இருந்த ஒரு வைஃபை இணைப்பிலிருந்து சென்றது.

இதையடுத்து 2009 ஜனவரியில் மும்பைக் காவல்துறை, கருவிகளுடன் தெருக்களில் சென்று பாதுகாப்பற்ற வைஃபை இணைப்புகளைக் கண்டறிந்து, உரியவர்களை எச்சரிக்கப்போவதாக அறிவித்தது. 2009 பிப்ரவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வழங்குமாறு இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. பூட்டாத வீட்டில் திருட்டு நடந்தால் இழப்பு வீட்டுக்காரருக்கு. பூட்டாத வைஃபையால் நடக்கும் குற்றத்தில் சந்தேகமும் வீட்டுக்காரர் மேலேயே விழும் என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்தின.

நிறுவனங்களின் வரைபடங்கள்

2003-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்கைஹூக் நிறுவனம், வார்டிரைவிங்கைத் தலைகீழாக்கியது. வைஃபை கருவிகளின் இடங்கள் முன்பே தெரிந்திருந்தால், சுற்றிலும் கேட்கும் கருவிகளைக் கொண்டு கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். இதற்காக அந்நிறுவனம் வண்டிகளை அனுப்பி நகரங்களை அளந்தது. 2008-இல் ஐஃபோன் இச்சேவையைப் பயன்படுத்தியது. செயற்கைக்கோள் தெரியாத கட்டடங்களுக்குள்ளும் கைப்பேசி இடத்தைக் காட்ட இது ஒரு வழி.

கூகுள் நிறுவனத்தின் தெருக்காட்சிக் கார்களும் 2007 முதல் படங்களுடன் வைஃபை விவரங்களையும் திரட்டின. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் கேள்வி எழுப்பியதைத் தொடர்ந்து, பூட்டப்படாத இணைப்புகளில் சென்ற தகவல் துணுக்குகளும் பதிவாகிவிட்டதாக 2010 மே 14 அன்று அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் இது நடந்திருந்தது. வலையமைப்பின் பெயரைக் கேட்பதற்கும், அதில் செல்லும் கடிதத்தைப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு அப்போது உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. 2011-இல், பெயரின் இறுதியில் 'நோமேப்' என்ற குறிப்பைச் சேர்த்தால் அந்தக் கருவி வரைபடத்திலிருந்து விலக்கப்படும் என்ற ஏற்பாடு வந்தது.

இந்தியாவில் 2011-இல் பெங்களூருவில் தொடங்கிய தெருக்காட்சிப் பணி, காவல்துறையின் ஆட்சேபத்தால் சில வாரங்களில் நின்றது. 2022 ஜூலையில்தான், இந்திய நிறுவனங்கள் எடுத்த படங்களைக் கொண்டு, சென்னை உட்படப் பத்து நகரங்களில் அது மீண்டும் வந்தது.

சட்டமும் ஒழுங்கும்

பொதுவெளியில் அறிவிக்கப்படும் வலையமைப்புப் பெயரைக் குறித்துக்கொள்வதும், அனுமதியின்றி அதனுள் நுழைவதும் வேறுவேறு செயல்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவு, உரிமையாளர் அனுமதி இல்லாமல் கணினியையோ வலையமைப்பையோ அணுகுவதைத் தடை செய்கிறது. தீய நோக்கத்துடன் அதைச் செய்தால் 66-ஆவது பிரிவின்படி தண்டனை உண்டு. கடவுச்சொல் இல்லை என்பது அனுமதி ஆகாது. பயிற்சிக்காக அளவை செய்யும் மாணவர்கள் எந்த வலையமைப்போடும் இணையாமலும், வீடுகளையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடாமலும் இருப்பதே முறை. வண்டி ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது என்பதும் பழைய ஆர்வலர்கள் வகுத்துக்கொண்ட விதிகளில் ஒன்று.

இன்றைய நிலை

காரின் பெட்டியறையை நிறைத்த கருவிகள் அனைத்தும் இன்று ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. விகில் தரவுத்தளத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்ட வைஃபை வலையமைப்புகள் பதிவாகியுள்ளன. பெரும்பாலான மக்கள் தங்களை அறியாமலே வார்டிரைவிங் செய்கிறார்கள். அவர்களுடைய கைப்பேசிகள் சுற்றிலும் கேட்கும் கருவிகளின் விவரத்தை இருப்பிடச் சேவைகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வாணி திட்டம், சிறு கடைக்காரரும் உரிமக் கட்டணமின்றிப் பொது வைஃபை வழங்க வழி செய்கிறது. ஊராட்சிகளுக்கு ஒளியிழை வடம் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டமும் நடைபெறுகிறது. இத்தகைய திட்டங்கள் எந்த ஊரை உண்மையில் எட்டின என்பதை அறிய, கேட்டுப் பார்த்து எழுதிய வரைபடம் தேவைப்படுகிறது. தேனி, கம்பம் பகுதியில் அந்த வரைபடம் முழுமை பெற வேண்டுமானால், அளவையாளர்கள் நெடுஞ்சாலையை விட்டிறங்கி, வண்டி செல்லாத மலைப்பாதைகளில் நடந்தும் அளக்க வேண்டியிருக்கும்.